அரவணைப்பு வட்டத்தில் ஏழு நாற்காலி

மாசி மாதத்திலிருந்து மந்திரமூர்த்தியின் வலது கை வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. முழு வேலைநிறுத்தம் என்று சொல்லிவிட முடியாது. சோறு பிசையும், சட்டைப் பித்தான் போடும், டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும், சுரண்டையில் வாக்கப்பட்ட தங்கைக்கு நாலு பக்கம் கடிதம்கூட எழுதும். மில் காகிதம் எதையாவது முன்னால் வைத்துப் பேனாவைக் கொடுத்தால் மட்டும் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை விறைத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடும். தென்காசிக்கு மேற்கே திரிகூடமலை நூற்பாலையில் அவர் டைம்கீப்பர். ஷிப்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, கீழே தானும் கையெழுத்துப் போடுவதுதான் உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்கு வேண்டிய ஒரே உறுப்பு மக்கர் செய்தால் நிர்வாகம் கவலைப்படாமல் என்ன செய்யும்.

நிர்வாகம் கவலைப்பட்டது. மில் டாக்டர் களிம்பு கொடுத்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்புகள் எல்லாம் அவையவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கடைசியில் மேனேஜர் கணபதிசுப்பிரமணியன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினெட்டு வருஷ சர்வீஸில் மேனேஜர் அவரை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான். அப்போதே மந்திரமூர்த்தி உஷாராகியிருக்க வேண்டும்.

"வே மந்திரமூர்த்தி, உமக்குக் கையில ஒண்ணுமில்ல. மனசுலதான் என்னமோ கெடக்கு. நம்ம முதலாளி குத்தாலத்துல ஒரு நிலையம் ஆரம்பிச்சிருக்காருல்லா, அங்கன ஒரு மாசம் தெனமும் போயிட்டு வாரும். கை சரியாச்சுன்னு அவுக சீட்டுக் குடுத்தாத்தான் மறுபடி டைம் ஆபீஸ்ல உக்கார முடியும், பாத்துக்கிடும்."

"குடுக்கலன்னா சார்?"

"குடுக்காம என்ன. அவுகளும் நம்ம ஆளுகதான்."

இப்படியாக 1983 ஆனி மாதம், சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை காலையில், மந்திரமூர்த்தி ஐந்தருவி ரோட்டில் முதலாளியின் பங்களா முன்னால் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். வாசலில் புதுப் பெயிண்ட் அடித்த பலகை. 'அகவிழிப்பு ஆலோசனை நிலையம். அனைவரையும் அரவணைக்கும், உறவை அடிப்படையாகக் கொண்ட, உடலை மையமாக வைத்த ஆலோசனை.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'அருவியில் தண்ணீர் விழும் காலங்களில் மட்டும்.' பம்பாயிலும் கடல் தாண்டியும் படித்துவிட்டு வந்த டாக்டர் சந்தானகிருஷ்ணனுக்குக் குற்றாலத்தின் வெயில் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் மனக்கோளாறு வருகிறவர்களுக்கு ஆனி, ஆடி, மிஞ்சினால் ஆவணி முதல் வாரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

உள்ளே போனதும் விஜயம் என்கிற உதவியாளர் ஒரு படிவத்தை நீட்டினாள். ரகசியக் காப்புறுதிப் படிவம். 'இங்கே பேசப்படுவது இந்தச் சுவர்களைத் தாண்டாது' என்று அதில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. மூன்று பிரதிகள். ஒன்று நிலையத்துக்கு, ஒன்று வந்தவருக்கு, ஒன்று மில் ஆபீசுக்கு.

"மில் ஆபீசுக்கு எதுக்கும்மா?"

"ரகசியம் காக்கப்படுதுன்னு அவங்களுக்குத் தெரியணும்லா சார்."

நியாயமாகத்தான் பட்டது. மந்திரமூர்த்தி பேனாவை எடுத்தார். கை விறைத்தது. தங்கைக்கு எழுதுகிற கை, இது மில் காகிதம் இல்லையே என்று அவர் அதிசயித்தார். படிவத்தின் அடியில், மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத எழுத்தில், 'திரிகூடமலை நூற்பாலை அறக்கட்டளை' என்று இருந்ததை அவர் பார்க்கவில்லை. கை பார்த்துவிட்டது போலிருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின மந்திரமூர்த்தி, விஜயம் நீட்டிய மை டப்பியில் இடது கைப் பெருவிரலைத் தோய்த்து மூன்று பிரதியிலும் உருட்டினார்.

டாக்டர் சந்தானகிருஷ்ணன் நல்ல சிவப்பு, கதர் ஜிப்பா, வெறும் கால். எழுந்து வந்து மந்திரமூர்த்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவ்வளவு மெத்தென்ற கையை மந்திரமூர்த்தி தொட்டதே கிடையாது.

"மிஸ்டர் மந்திரமூர்த்தி, இங்க நான் டாக்டர் இல்ல, நீங்க பேஷன்ட் இல்ல. ரெண்டு மனுஷங்க, அவ்வளவுதான். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு உறவு வளரும். அந்த உறவுதான் மருந்து. வாய் பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது. உங்க கை எதையோ சொல்லுது. நாம அதைக் கேக்கப் போறோம்."

முதல் வாரம் உடம்புக்கு. காலை ஒன்பது மணிக்கு ஜமுக்காளத்தில் மல்லாந்து படுக்க வேண்டும். விஜயம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சு இழு, மூச்சு விடு என்று சொல்வாள். ஓட்டுக்கு மேலே குரங்குகள் ஓடும். அவற்றின் சத்தத்தைக் கேட்டு உடம்பில் எந்த இடம் சுருங்குகிறது என்று சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு டாக்டர் வந்து பக்கத்தில் சம்மணமிட்டு உட்காருவார்.

"இப்ப என்ன உணர்றீங்க?"

"பசிக்குது சார்."

"எங்க பசிக்குது?"

மந்திரமூர்த்தி இதற்கு வேறு பதில் ஏதாவது இருக்குமோ என்று யோசித்துவிட்டு, "வயித்துலதான்" என்றார்.

"பிரமாதம். நிறைய பேருக்கு இது தெரியறதில்ல."

எண்ணெய் தடவுவதற்கு உச்சிமாகாளி என்று ஒருவர் இருந்தார். இருபது வருஷமாக மெயின் அருவிக் கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர். அருவிக் கரையில் தேய்த்தால் அது விஞ்ஞானம் ஆகாது என்பதால் நிலையம் அவருக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி 'ஸ்பரிச உதவியாளர்' என்று பெயர் வைத்திருந்தது. அதே எண்ணெய், அதே கை. தேய்க்கும்போது பேசக் கூடாது என்பது மட்டும் புது விதி. இருபது வருஷப் பழக்கத்தை அடக்கிக்கொண்டு உச்சிமாகாளி உம்மென்று தேய்ப்பார்.

ஐந்தாம் நாள் கையோடு பேசச் சொன்னார்கள்.

"முதல்ல கூப்பிடுங்க" என்றார் டாக்டர்.

மந்திரமூர்த்தி வலது கையைப் பார்த்தார். "ஏலே" என்றார்.

"அதட்டாதீங்க. நாப்பத்திரண்டு வருஷம் உங்களுக்காக உழைச்ச கை. மரியாதை குடுங்க."

மரியாதை என்று வந்துவிட்டால் தென்காசிப் பக்கத்தில் வேறென்ன சொல்வது. "அண்ணாச்சி" என்றார். விஜயம் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நல்லாருக்கீயளா?"

கை மடியில் கிடந்தது.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணுஞ் சொல்லல சார்."

"கோபம்" என்றார் டாக்டர். விஜயம் அதையும் எழுதிக்கொண்டாள்.

இதையெல்லாம் மந்திரமூர்த்தி மனதுக்குள் சிரித்துக்கொண்டுதான் செய்தார். சிரிப்பு நின்றது இரண்டாம் வாரத்தில். அது உறவுக்கான வாரம். அறையில் அவரும் டாக்டரும் மட்டும். மழை ஜன்னல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட்காமலே, தன் மாமனாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மாமனார் சாகக் கிடந்தபோது தண்ணீர் கேட்டாராம். டாக்டர் ஏதோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாராம். இதோ வருகிறேன் என்றாராம். பக்கத்தை முடித்துவிட்டு டம்ளரோடு போனபோது வாய் திறந்தபடி இருந்ததாம். "இன்னைக்கு வரைக்கும் தண்ணி குடிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்குது, மந்திரமூர்த்தி" என்றார். மிஸ்டர் போய்விட்டது. கண்ணில் நீர் நிறைந்து கன்னத்தில் இறங்கியது. படித்த மனுஷன், சீமைக்குப் போய் வந்தவர், ஒரு மில் குமாஸ்தா முன்னால் உட்கார்ந்து குழந்தை போல அழுதார். மந்திரமூர்த்தி பதறிப்போய் எழுந்து, மேல்துண்டை நீட்டி, "விடுங்க சார், உங்க மேல என்ன தப்பு, பரீட்சைன்னா அப்படித்தான்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். அன்றைய கணக்கில் மந்திரமூர்த்திக்கு முன்னேற்றம் என்று எழுதப்பட்டது.

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். மந்திரமூர்த்தியின் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தில் குழம்போ பணியாரமோ வந்தால், அந்தப் பாத்திரத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு கை கீரையாவது, நாலு சுண்டைக்காயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் பாத்திரத்தைக் கொடுத்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம். டாக்டர் தன் நெஞ்சிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும், சோற்றில் கை வைக்கும்போதும், பாத்திரம் தன் வீட்டில் கிடக்கிறதே என்று மந்திரமூர்த்திக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் அவர் தன்னுடையதைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மாசி பதினாலு சார். பகல் ஷிப்ட். எங்க தெருவுல பலவேசம்னு ஒருத்தன், மில்லுல பஞ்சு உடைக்குத எந்திரத்துல வேல. பத்தே முக்காலுக்கு எந்திரம் கையப் பிடிச்சு இழுத்துட்டு. ஆஸ்பத்திரி போயிச் சேரல. சாயந்தரம் மேனேஜர் என்னக் கூப்புட்டு, அன்னைக்குப் பக்கத்த மட்டும் புதுசா எழுதச் சொன்னாரு. பலவேசம் அன்னைக்கு வேலைக்கே வரல, வீட்டுல மாட்டுக்குச் சோளத்தட்ட வெட்டும்போது கை போச்சுன்னு. பலவேசத்துக்கு மாடே கெடையாது சார். நான் எழுதுனேன். அறுபத்தி மூணு பேரையும் திரும்ப எழுதி, மத்தவுககிட்ட மறுபடி கையெழுத்து வாங்கி, அவன் பேருக்கு நேரா வரலன்னு போட்டு, கையெழுத்தும் போட்டேன். பழைய பக்கத்தத் தீயில போடச் சொன்னாரு. போடல."

டாக்டர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதியோர் கல்வி வகுப்புக்குப் போயி அந்த வருசந்தான் அவன் கையெழுத்துப் போடப் பழகியிருந்தான். அதுவரைக்கும் பெருவிரல்தான். அவன் எழுத்து கட்டத்துக்குள்ள அடங்காது, பக்கத்து ஆளு கட்டத்துலயும் பாதி கெடக்கும். அத எப்படி சார் தீயில போட?"

"அந்தப் பக்கம் இப்ப உங்க உடம்புல எங்க இருக்கு?"

"உடம்புல இல்ல சார். வீட்டுல சாமி படத்துக்குப் பின்னால இருக்கு."

பலவேசத்தின் பெண்டாட்டி முப்பிடாதி வழக்குப் போட்டிருப்பதையும், திருநெல்வேலியில் தொழிலாளர் அதிகாரி ஆவணி மாதம் விசாரிக்கப்போவதையும், கண்ணால் பார்த்தவர்கள் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்காததால் அந்தப் பழைய பக்கம் ஒன்றுதான் பலவேசம் அன்று மில்லுக்கு வந்ததற்குச் சாட்சி என்பதையும், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தன் வேலை போய்விடும் என்ற பயத்தையும், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் நாலு மாதமாகக் கழுத்தில் உட்கார்ந்திருந்த யாரோ இறங்கிப் போனதுபோல் இருந்தது. டாக்டர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். மந்திரமூர்த்தியின் அப்பாகூட அவரை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. வாய்விட்டு அழுதார். அன்று இரண்டு பிள்ளைகளுக்கும் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு போனார். நாம் இதுவரை எவ்வளவோ பேரை நம்பாமல் இருந்துவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

ஆடி பிறந்ததும் கடைசிக் கட்டம், அரவணைப்பு. டாக்டர் விளக்கினார். ஒருவருடைய வலி ஒருவருடையது அல்ல, அவரைச் சுற்றியுள்ள எல்லாருடையது. ஆகவே எல்லாரும் ஒரு வட்டத்தில் உட்கார வேண்டும், ஒருவரையும் விலக்கக் கூடாது. மனைவி, மக்கள், வீட்டில் ஒருவரும் மிச்சமில்லாமல் வர வேண்டும். மில் வேனே வந்து ஏற்றிக்கொள்ளும்.

"அப்ப முப்பிடாதியையும் கூப்பிடணும் சார். அவதான் மொதல்ல" என்றார் மந்திரமூர்த்தி.

டாக்டர் வருத்தத்தோடு தலையசைத்தார். "எனக்கும் ஆசைதான். ஆனா வட்டத்துக்கு ஏழு நாற்காலிதான். ஆராய்ச்சிப்படி ஏழுக்கு மேல போனா நெருக்கம் குறைஞ்சிடும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வட்டம் கூடியது. மந்திரமூர்த்தி, அவர் மனைவி உலகம்மாள், டாக்டர், விஜயம், மேனேஜர், மில் வக்கீல். ஏழாவது நாற்காலியில் முதலாளியின் படம் மாலையோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அவர் கோயம்புத்தூரில் இருந்ததால் உடம்பால் வர முடியவில்லை. பிள்ளைகள் தாழ்வாரத்தில் உச்சிமாகாளியோடு நின்று குரங்கு பார்த்தார்கள்.

எல்லாரும் கை கோக்க வேண்டும் என்றார் டாக்டர். உலகம்மாளுக்கு ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் மேனேஜர். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்றாள். கால் மணி நேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் மேனேஜரின் துண்டை நீட்டி ஒரு முனையை அவரும் மறு முனையை இவளும் பிடித்துக்கொள்வது என்றும், துண்டின் வழியாகவும் உறவு பாயும் என்றும் முடிவாயிற்று. படத்தின் பக்கம் இருந்த வக்கீல் மாலையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் மூச்சு இழுத்தார்கள். மேனேஜர் கணபதிசுப்பிரமணியன் முதலில் பேசினார். மில் ஒரு குடும்பம் என்றார். குடும்பத்தில் ஒருவர் இன்னொருவரைப் பற்றித் தப்பாக நினைப்பது சகஜம் என்றார். பிறகு நெஞ்சில் கை வைத்து, தழுதழுத்த குரலில், "மந்திரமூர்த்தி, நான் உம்ம மன்னிச்சுட்டேன்வே" என்றார்.

எதற்கு என்று மந்திரமூர்த்திக்கு விளங்கவில்லை. ஆனால் விஜயம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வக்கீல் தலையை ஆட்டினார், அந்த நேரத்தில் எதற்கு என்று கேட்பது மரியாதையாகத் தோன்றவில்லை. "சரிங்க சார்" என்றார். பன்னிரண்டரைக்கு வடை, பாயசத்தோடு சாப்பாடு. அதன் பிறகு இன்னொரு மூச்சு. மூன்று மணிக்கு வேன் அவர்களை வீட்டில் இறக்கிவிட்டது.

வீட்டில் பூட்டு போட்டபடிதான் இருந்தது. புழக்கடைக் கதவின் தாழ்ப்பாள் மட்டும் திறந்து கிடந்தது. காற்றாக இருக்கும் என்றாள் உலகம்மாள். மந்திரமூர்த்தி உள்ளே போய் சாமி படத்தைப் பார்த்தார். ஆணி சரியில்லாமல் எட்டு வருஷமாக இடது பக்கம் சாய்ந்தே தொங்குகிற படம். இப்போது நேராகத் தொங்கியது.

பின்னால் கையை விட்டுத் துழாவினார். சுவர்தான் இருந்தது.

"என்ன தேடுதீய?" என்றாள் உலகம்மாள்.

அவர் சொன்னார். அவள் படத்தையும் புழக்கடைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "இது அங்கன இருக்குன்னு வேற ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

 மந்திரமூர்த்திக்குத் தன்னைக் கட்டிக்கொண்ட டாக்டரின் கை எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. 

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் நிலையத்து வாசலில் நின்றார். டாக்டர் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பார் என்று தாழ்வாரத்தில் உட்காரவைத்தார்கள். உச்சிமாகாளி எண்ணெய்ச் சட்டியோடு வந்து பக்கத்தில் குத்தவைத்தார். முகத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எத்தனை உடம்பைப் பார்த்தவர்.

"மாமனாரு கத சொன்னாரா அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது வாரம் சொல்லுவாரு. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னுதான நான் தேய்க்கேன். இந்த சீசன்ல பதினோரு மட்டம் கேட்டாச்சு. தண்ணின்னு சொல்லும்போது தொண்ட அடைக்கும். டம்ளருன்னு சொல்லும்போது கண்ணு நெறையும். ஒரு மட்டங்கூடத் தப்புனதில்ல."

மந்திரமூர்த்தி தோளில் கிடந்த மேல்துண்டை எடுத்துப் பார்த்தார்.

"அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகல அண்ணாச்சி" என்றார் உச்சிமாகாளி. சொல்லிவிட்டு, பேசக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்தவராக எழுந்து போய்விட்டார்.

காகிதம் போனதைவிட மந்திரமூர்த்திக்கு இதுதான் தாங்கவில்லை. காகிதத்தைத் திருடினவன் திருடன், அதில் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஆனால் இல்லாத மாமனாருக்காக அந்த மனுஷன் அழுதபோது தன்னுடைய துண்டால் துடைத்துவிட்டோமே, முதுகைத் தடவிக் கொடுத்தோமே என்று உடம்பெல்லாம் எரிந்தது. பாத்திரத்தில் ஒன்றுமே இல்லாமல் வந்திருக்கிறது. இவர்தான் மூடியைத் திறந்து பார்க்காமல் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்.

பத்தேகாலுக்கு டாக்டர் கூப்பிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே கனிவு.

"காகிதத்தக் காணல" என்றார் மந்திரமூர்த்தி.

"அப்படியா. காணலங்கறது உடம்புல எங்க தெரியுது?"

"சார், இங்க பேசுனது செவரத் தாண்டாதுன்னு படிவத்துல போட்டிருந்துச்சு."

"தாண்டல. நான் வெளியாள் ஒருத்தர்கிட்டகூட ஒரு வார்த்தை பேசினதில்ல. சத்தியமா."

"மேனேஜருகிட்ட?"

டாக்டருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இவ்வளவு நாள் பழகியும் அடிப்படை புரியவில்லையே என்ற வருத்தம். "மிஸ்டர் மந்திரமூர்த்தி, நிர்வாகம் வெளியாளா? நம்ம அணுகுமுறையோட அழகே அதுதான். நாங்க யாரையும் விலக்கறதில்ல. உங்க வலியில நிர்வாகத்துக்கும் பங்கு இருக்கு. அவங்களை விட்டுட்டு உங்களை மட்டும் குணப்படுத்தினா அது பாரபட்சம். இந்த பங்களா அவங்களோடது, ஜமுக்காளம் அவங்களோடது, நான் குடிக்கற காபி அவங்களோடது. அவங்களை வெளியாள்னு சொல்ல எனக்கு எப்படி மனசு வரும்?"

"அப்ப முப்பிடாதி?"

"அவங்க படிவம் நிரப்பலையே."

"ஒமக்கு மாமனாரே கெடையாதாமே."

டாக்டர் சற்று யோசித்தார். "மாமனார் இல்லாம இருக்கலாம். கண்ணீர் நிஜம். அதை நீங்க தொட்டுத் துடைச்சீங்க இல்லையா. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு நடந்துதா இல்லையா, அதுதான் முக்கியம். அந்தக் காகிதமும் அப்படித்தான். அது உங்க தோள்மேல இருந்த பாரம். இப்ப இல்ல. லேசா இருக்கும், கவனிச்சுப் பாருங்க."

மந்திரமூர்த்தி கவனித்தார். தோளிலிருந்து என்னவோ கிளம்பியது. வலது கை தானாக எழுந்தது, மடியை விட்டு, மார்பைத் தாண்டி, தோளுக்கு மேலே, விரல்கள் விரிந்து, டாக்டரின் சிவந்த கன்னத்துக்கு நேராக நின்றது. நாலு மாதமாகக் கூப்பிட்டும் வராத அண்ணாச்சி கூப்பிடாமல் வந்து நின்றார்.

அடித்தாரா என்று பிற்பாடு பலபேர் ஆசையோடு கேட்டார்கள். அடிக்கவில்லை. அடித்துப் பழக்கமில்லாத கை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு இறங்கியது. டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா விஜயம்" என்றார். விஜயம் ஓடிவந்து கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்: 'காலை 10.32. வலது கை தோளுக்கு மேல் முழுமையாக உயர்ந்தது. குணம்.'

நிலையத்தின் ஆண்டறிக்கையில் மந்திரமூர்த்தியின் கதை ஒன்றரைப் பக்கத்துக்கு வந்தது. ஆவணி பிறந்ததும் அருவியில் தண்ணீர் மெலிந்தது, டாக்டர் பம்பாய்க்கு ரயில் ஏறினார், நிலையத்தைப் பூட்டினார்கள்.

திருநெல்வேலியில் விசாரணை ஆவணி பத்தாம் தேதி. மந்திரமூர்த்தி காகிதம் இல்லாமலே போய் நின்று நடந்ததைச் சொன்னார். பலவேசம் அன்று வந்தான், கையெழுத்துப் போட்டான், நான் பொய்யாக மாற்றி எழுதினேன் என்றார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் மில் வக்கீல் எழுந்துவிட்டார். வட்டத்தில் முதலாளியின் மாலையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே வக்கீல். கையில் விஜயத்தின் நோட்டு.

"அய்யா, சாட்சி மனநலச் சிகிச்சையில இருக்கறவர். இது டாக்டர் சான்றிதழ். சிகிச்சைக் குறிப்பும் இருக்கு. தன்னோட கையை இவர் அண்ணாச்சின்னு கூப்பிடறவர்." வக்கீல் நோட்டைப் பிரித்தார். "அண்ணாச்சி, நல்லாருக்கீயளான்னு கையைப் பாத்துக் கேட்டிருக்கார். கை பதில் சொல்லலன்னு வருத்தப்பட்டிருக்கார்."

அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. டவாலி போட்டிருந்த பியூன்கூட வாயைப் பொத்திக்கொண்டான். அதிகாரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு, "உண்மையா?" என்று கேட்டார்.

"அவுகதான் கூப்புடச் சொன்னாக" என்றார் மந்திரமூர்த்தி. அது இன்னும் மோசமாகப் போயிற்று. சிகிச்சை தொடர்கிறது என்ற சான்றிதழும், பூரண குணம் என்ற ஆண்டறிக்கையும் ஒரே தேதியில் ஒரே டாக்டர் கையெழுத்துப் போட்டவை என்று சொல்ல அங்கே அவருக்கு வக்கீல் யாரும் இல்லை. அவருடைய வாக்குமூலத்தை எழுதி, 'சாட்சியின் மனநிலை கருத்தில் கொள்ளத்தக்கது' என்று கீழே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். மந்திரமூர்த்தி பேனாவை எடுத்தார். கை விறைக்கவில்லை. முழுப் பெயரையும் ஒழுங்காகப் போட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. முப்பிடாதி மட்டும் வாசல் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ். அவள் மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, நடுவில் பையை வைத்து, இந்தப் பக்கம் அவருக்கு இடம் விட்டிருந்தாள். ஆலங்குளம் வரை பஸ்ஸில் நெருக்கம். ஆலங்குளத்தில் கூட்டம் இறங்கியதும் மந்திரமூர்த்தி எல்லாவற்றையும் சொன்னார். பழைய பக்கத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தது, டாக்டர் அழுதது, நம்பிச் சொன்னது, வட்டம், படம் நேராகத் தொங்கியது. தான் எப்படி ஏமாற்றப்பட்டார் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இப்படி நம்ப வைத்துக் கழுத்தறுப்பார்களா தாயி என்று கேட்டார்.

முப்பிடாதி அவர் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

"அவரு கையெழுத்து அதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கட்டத்த விட்டு வெளிய போயிருந்துச்சா?"

"ஆமா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் பாவூர்சத்திரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"அவரு போன அன்னைக்கு, துட்டி வீட்டுக்குன்னு உலகம்மாக்கா சோறு குடுத்துவிட்ட தூக்குச்சட்டிய, பங்குனியில கொண்டாந்து குடுத்தேன். முருங்கக்கீர உருவிப் போட்டுக் கொண்டாந்தேன். நீங்க உள்ளதான் இருந்தீய அண்ணாச்சி. வெளிய வரல. சரி, ஆம்பள, என்ன பேசன்னு கூச்சப்படுதாவன்னு நெனச்சுக்கிட்டேன்."

மந்திரமூர்த்தி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் படம் தொங்குத செவரு எனக்குத் தெரியும். அதுக்கு நேராத்தான் நின்னேன்" என்றாள். "குத்தாலம் வரைக்கும் பஸ் ஏறிப் போயி, முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்ட அவ்வளவும் சொல்லியிருக்கீய. எங்க வீடு உங்க வீட்டுக்கு நாலாவது வீடு."